தூக்கிப் போடச் சொன்னது

சுவருக்கு அந்தப் பக்கம் டிரைவர் அண்ணன் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவர்கள் வீட்டுச் சோற்றில் உப்புக் குறைந்தால் எனக்குத் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் மருந்துக் கடையிலிருந்து சாப்பிட வந்து, தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்துக்கு வழக்கமாக அந்தப் பக்கமிருந்து பாட்டு வரும். பாட்டுக்கு நடுவே அண்ணியின் தையல் மெஷின் ஓடும். அன்றைக்குப் பாட்டும் இல்லை, மெஷினும் இல்லை. அண்ணியின் குரல் மட்டும்தான்.

"அவங்க கேட்டாங்களாம், இவரு தலையாட்டிட்டு வந்துட்டாராம்! உங்களுக்கு வாய்னு ஒண்ணு எதுக்கு இருக்கு, சோறு திங்கறதுக்கு மட்டுமா?"

"மெதுவா பேசு. பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டும்! தம்பி, கேட்டுக்கிட்டுதானே இருக்க? வா இங்க. வந்து உங்க அண்ணன் பண்ணிட்டு வந்திருக்கற கூத்தைப் பாரு."

கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

தகரக் கூரை. அந்த வெயிலில் உள்ளே நின்றால் உச்சந்தலை காய்ந்துவிடும். மெஷினுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குத் தைக்கிற தலையணை உறைகள் இடுப்பளவு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அண்ணன் வெளியே போகிற வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சுவர்ப் பலகையில், வழக்கமான இடத்தில், ரெண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் இருந்தன. பாடவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிகளின் கதையை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் அவை உருவானபோது பாதி நாள் நானும் அங்கேதான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் ஒரே வீட்டில் பதினாறு வருஷம் கார் ஓட்டினார். ஒரே கார். அந்தக் காரின் பின் சீட்டுக்கு மேலே, கண்ணாடி ஓரத்தில், முட்டை வடிவத்தில் ரெண்டு பெரிய ஸ்பீக்கர்கள் இருந்தன. பின்னால் உட்காருகிறவர்களுக்காக வைத்தது. அவர்கள் கேட்கிற பாட்டு, அவர்கள் வைக்கிற சத்தம். அண்ணனின் பின்மண்டைக்குத்தான் அது பாடியது. ஆறு வருஷத்துக்கு முன்னால் முதலாளி புது ஸ்பீக்கர் மாட்டினார். கடைக்காரன் பழையதைக் கழற்றி ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தான். அண்ணன் அதைக் கொண்டுபோய் "இதை என்ன பண்றதுங்கய்யா?" என்று கேட்க, முதலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "தூக்கிப் போடு" என்றார். அண்ணனுக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வந்த அன்றைக்கே வெறுமனே தரையில் வைத்து வயரைக் கொடுத்துப் பார்த்தார். கொசு கத்துவதுபோல் ஒரு சத்தம். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் யாரோ விற்ற பழைய வீட்டு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி வந்து, ரெண்டு ஸ்பீக்கரையும் அதன் ஒரே பக்கத்தில் சேர்த்துக் கட்டினார். கால் மணி நேரம் பாடிவிட்டுப் புகை விட்டது. அண்ணியின் தங்கை வீட்டுக்காரர், கார் வயரிங் வேலை பார்க்கிறவர், வந்து மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சகலை, வீட்டு ஆம்பு எட்டு ஓம் ஸ்பீக்கரைத்தான் தாங்கும். கார் ஸ்பீக்கர் நாலு ஓம். அதையும் ரெண்டா சேர்த்து ஒரே வாயில திணிச்சிருக்கீங்க, ரெண்டு ஓம் ஆயிடுச்சு. ஓம் குறையக் குறைய ஆம்புக்குப் பாரம் ஏறும். மூச்சு முட்டிச் செத்துப்போச்சு, பாவம்."

அவரே பிறகு காரில் வைக்கிற சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றும், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பவர் சப்ளையும் கொடுத்தார். "கார்ல டிக்கிதான் இதுக்குப் பொட்டி. இங்க டிக்கிக்கு எங்க போறது? நீங்கதான் செய்யணும்" என்றார். அண்ணன் உடைந்த பீரோவின் பலகைகளை அறுத்தார். முட்டை வடிவ ஓட்டையை அளந்து வெட்டுவதற்குள் மூன்று பலகை வீணாயிற்று. உள்ளே அடைக்கப் பஞ்சு வேண்டும் என்றபோது, தன் தலையணையை அவரே கொண்டுவந்து கிழித்தார். அதற்கப்புறம் ரெண்டு மாசம் கையை மடித்துத் தலைக்கு வைத்துத்தான் தூங்கினார், உறை தைக்கிறவளின் வீட்டுக்காரர்.

ஆனாலும் பாட்டு என்னவோ பொக்கையாகவே இருந்தது. குரல் வரும், அடி வராது. காரில் நெஞ்சில் இடிக்கிற அடி எங்கே போயிற்று என்று அண்ணன் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மறுபடியும் சகலைதான் வந்தார். டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து வயரில் தொட்டுக் காட்டினார். ஒரு ஸ்பீக்கரின் காகிதம் முன்னால் துள்ளியது. இன்னொன்று உள்ளே போயிற்று.

"ஒண்ணுல பிளஸ்ஸும் மைனஸும் மாத்திக் கொடுத்துட்டீங்க. இது முன்னாடி தள்ளும்போது அது பின்னாடி இழுக்குது. ரெண்டும் சேர்ந்து ஒண்ணுமில்லாம பண்ணிடுது."

"எங்க வீட்டுல வேற எப்படி இருக்கும்?" என்றாள் அண்ணி.

வயரை மாற்றிக் கொடுத்ததும் வந்தது பாருங்கள் சத்தம். என் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. சண்டைக்குப் போகலாம் என்று எழுந்த நான், அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தனக்குப் பிடித்த பாட்டை, தனக்குப் பிடித்த சத்தத்தில், முகத்துக்கு நேராக வைத்து அந்த மனிதர் கேட்டது அன்றைக்குத்தான் முதல்முறை. அண்ணி மீதித் திரைத்துணியில் ரெண்டு பெட்டிக்கும் முகமூடி தைத்துப் போட்டாள்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

போன மாசம் அந்த வீட்டில் அண்ணனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரை விற்கப் போகிறார்களாம், டிரைவர் எதற்கு? சரி. பள்ளிக்கூட வேன் வைத்திருக்கிற ஒரு அம்மா அண்ணனை வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். "குழந்தைங்க விஷயம். வேலை பார்த்த வீட்டுல இருந்து நல்லவர்னு ஒரு கடுதாசி மட்டும் வாங்கிட்டு வாங்க. திங்கக்கிழமை வண்டி எடுங்க" என்று சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தைக் கேட்கத்தான் அண்ணன் போயிருந்தார்.

"சொல்லுங்க தம்பிகிட்ட. அவங்க சொன்னதை அப்படியே சொல்லுங்க" என்றாள் அண்ணி.

அண்ணன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பழைய காருங்களைச் சேர்த்து வைக்கிற ஆள் ஒருத்தர் வண்டியை வாங்கறாராம். உள்ள இருக்கறதெல்லாம் ஒரிஜினலா இருக்கணுமாம். பின்னாடி இருந்த ஸ்பீக்கர் எங்கன்னு ஐயாவோட பையன், சின்னவர், கேட்டாரு. வீட்டுல இருக்கு தம்பி, பொட்டி செஞ்சு வச்சிருக்கேன், அருமையா பாடுதுன்னேன்."

"பெருமை!" என்றாள் அண்ணி.

"முதல்ல, தம்பின்னு கூப்பிடாதே, சார்னு கூப்பிடுன்னாரு."

"எவன்? அஞ்சு வயசுல இவர் மடியில உக்காந்து ஸ்டியரிங் பிடிச்சவன்!"

"என்னைச் சொல்ல விடு. யாரைக் கேட்டு எடுத்துட்டுப் போனேன்னாரு. ஐயாதான் தூக்கிப் போடச் சொன்னாருன்னேன். ஐயா பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. அப்படியாப்பான்னு அவரைக் கேட்டாரு."

"ஐயா என்ன சொன்னாரு?" என்றேன்.

அண்ணன் கழுத்துப் பட்டனைக் கழற்றிக்கொண்டார்.

"'தூக்கிப் போடுன்னு சொன்னேன். எடுத்துக்கோன்னு சொல்லலையே'ன்னாரு."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. ஞாபகம் இல்லை என்று சொல்லியிருந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடலாம். பொய் சொல்லியிருந்தால்கூட நேருக்கு நேர் திட்டலாம். இது ரெண்டும் இல்லை. மனுஷன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், அதை இப்படி நறுக்கிக் கையில் கொடுத்திருக்கிறார்.

"அப்ப திருட்டுன்னு சொல்றாங்களா?"

"அந்த வார்த்தையைச் சொல்லலை. ஞாயித்துக்கிழமை காலையில கொண்டாந்து கொடு, கொடுத்தா கடுதாசி தர்றோம்னு சொன்னாங்க."

"சொல்ல வேற வேணுமா?" அண்ணி ஒரு தலையணை உறையை எடுத்து உதறி மறுபடி போட்டாள். "கொடுத்தா என்ன அர்த்தம் தெரியுமா? எடுத்தேன், மாட்டிக்கிட்டேன், திருப்பிட்டேன்னு அர்த்தம். பதினாறு வருஷத்துல ஒரு ஊசி எடுத்திருப்பீங்களா? சீட்டுக்கு அடியில விழுந்த கம்மலை ராத்திரியோட ராத்திரியா நடந்தே கொண்டுபோய்க் கொடுத்தீங்களே, அதுக்கு எவனாவது கடுதாசி கொடுத்தானா?"

"கம்மல் அவங்களோடது."

"இது யாரோடது? குப்பையோடது! குப்பைகிட்டதான் நீங்க கேட்டிருக்கணும்!"

"வேன் வேலை வேணுமா வேணாமா? நீ தைக்கிறதுல எத்தனை நாள் ஓட்டறது? ரெண்டு ஸ்பீக்கர். போனாப் போகுது. கொடுத்துட்டுக் கடுதாசியை வாங்கிட்டா முடிஞ்சுது."

"உங்களுக்கு முடிஞ்சுடும். எனக்கு முடியாது."

சாயங்காலம் நான் கடையிலிருந்து திரும்பிய பிறகும் அந்த வீட்டில் மெஷின் மட்டும் யாரையோ மிதிப்பதுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் பெட்டிகளைக் கீழே இறக்கினார். என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். திரைத்துணியை உருவி, எட்டுத் திருகாணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டார். ஸ்பீக்கரைத் தூக்கியதும் பின்னாலேயே பஞ்சு பிதுங்கிக்கொண்டு வந்தது. ஆறு வருஷத்தில் அது மஞ்சளாகிப் போயிருந்தது. வயரை வெட்டப் போனவர், வெட்டாமல், சூடு வைத்து ஈயத்தை உருக்கிப் பதமாகப் பிரித்தார். திருப்பிக் கொடுக்கிற பொருளுக்கு இத்தனை மரியாதை.

ஒரு ஸ்பீக்கரின் நடுவில் இருக்கிற கறுப்பு மூடி உள்ளே அமுங்கியிருந்தது. ஒரு விரல் நுனி அளவு பள்ளம். நான் அதைத் தடவிப் பார்த்தேன்.

"அது அந்தப் புள்ள அஞ்சு வயசுல அமுக்கினது" என்றார் அண்ணன். "சீட்டுல ஏறி நின்னு வெரலை வச்சி அமுக்கிட்டான். புது காரு. ஐயா பெல்ட்டைக் கழட்டிட்டாரு. நான்தான் துடைக்கும்போது கைபட்டு அமுங்கிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

"சொன்னதுக்கு?"

"வாசல்ல வச்சி அரைமணி நேரம் திட்டினாரு. திட்டுதானே. பெல்ட் இல்லையே."

அண்ணி மெஷினை நிறுத்தினாள். இந்த விஷயம் அவளுக்கே அப்போதுதான் தெரியும் என்று நினைக்கிறேன். எழுந்து வந்து, ரெண்டு ஸ்பீக்கரையும் ரெண்டு புதுத் தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டினாள்.

"நாளைக்கு நானும் வர்றேன்."

"நீ எதுக்கு? வந்து வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டே."

"வாயைத் திறக்க மாட்டேன். சத்தியம். ஆனா வருவேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீயும் வா தம்பி. பின்னாடி ஒரு நாள், கொடுக்கவே இல்லைன்னு அவங்க சொன்னா, சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்." அந்த வீட்டின்மேல் அவர் வைத்திருந்த பதினாறு வருஷ நம்பிக்கை அந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் சுளீரென்று அடித்தது. பஸ்ஸில் இறங்கி நடந்தோம். அகலமான தெரு, ரெண்டு பக்கமும் உயரமான மதில்கள், ஒவ்வொரு கேட்டுக்கும் பக்கத்தில் சக்கரம் வைத்த பச்சைக் குப்பைத்தொட்டி. கேட்டைத் திறக்க அண்ணனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கொக்கியை எந்தப் பக்கம் தூக்கிவிட வேண்டும் என்பது கைக்கே தெரிந்திருந்தது.

போர்ட்டிகோவில் கார் கழுவித் துடைத்து நின்றது. முதலாளி பிரம்பு நாற்காலியில் பேப்பரும் டீயுமாக உட்கார்ந்திருந்தார். சின்னவர் அரைக்கால் சட்டையில், செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். உட்காருங்கள் என்று எங்களிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.

"கொண்டுவந்துட்டியா? கீழ வை."

அண்ணன் உறைகளை அவிழ்த்து, ஸ்பீக்கர்களை எடுத்து, துணிமேல் வைத்தார். சின்னவர் குனிந்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தார். வாங்குகிற ஆளுக்கு அனுப்பத்தான். ரெண்டாவதை எடுக்கும்போது நிறுத்தினார்.

"என்னது இது, பள்ளம்?"

"அது ரொம்ப நாளா இருக்கு சார்" என்றார் அண்ணன்.

"இதைப் பார்த்தா அவன் எடுப்பானா? ஒழுங்கா இருந்ததை எடுத்துட்டுப் போய், பொட்டி செய்றேன்னு குடைஞ்சு, நாசம் பண்ணி வச்சிருக்க."

அண்ணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நிஜமாகவே திணித்துக்கொண்டாள்.

"நான் பண்ணலை சார். நீங்க சின்னப் புள்ளையா இருக்கும்போது வெரலால அமுக்கினது. உங்க வெரல்தான்."

"நானா?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து முதலாளி பேசினார். "பேச்சை மாத்தாதப்பா. துடைக்கும்போது கைபட்டு அமுங்கிடுச்சுன்னு நீதானே அப்ப சொன்ன? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"ஆமாங்கய்யா, நான்தான் சொன்னேன். அன்னைக்கு உங்க கையில பெல்ட் இருந்துச்சு."

பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியது. அப்பாவும் பிள்ளையும் ஒரு கணம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு கணத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்ல வார்த்தைகூட வேண்டாம், 'அப்படியா' என்றாவது கேட்டிருக்கலாம். சின்னவர் உள்ளே போய்விட்டார். அச்சடித்த காகிதம் ஒன்றோடு திரும்பி வந்தார். கார் பானெட்மேல் வைத்து, பேனாவால் நடுவில் ஒரு வார்த்தையைச் சேர்த்து, அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். நான் படித்தேன். 'இவர் எங்களிடம் பதினாறு வருடம் ஓட்டுநராகப் பணிபுரிந்தார். அனுமதியின்றி எடுத்துச் சென்ற பொருள்களைச் சேதத்துடன் திருப்பி ஒப்படைத்தார்.' சேதத்துடன் என்பதுதான் பேனாவால் சேர்த்த வார்த்தை. கீழே கையெழுத்து.

"இதைக் காட்டினா வேன்ல ஏத்துவாங்களா சார்?" என்றார் அண்ணன். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டதுபோல் இருந்தது.

"உண்மையைத்தானே எழுதியிருக்கேன்? இதுக்கு மேல என்ன வேணும்?"

அண்ணன் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி நாலாக மடித்தார். முதலாளியின் டீ டம்ளரைத் தூக்கி, அதன் அடியில் வைத்தார். காற்றில் பறந்துவிடக் கூடாதில்லையா. பிறகு குனிந்து, கைக்கு ஒன்றாக ரெண்டு ஸ்பீக்கர்களையும் எடுத்தார். அந்தக் காந்தத்தின் கனம் எனக்குத் தெரியும், மணிக்கட்டு நரம்பு புடைக்கும். நடந்தார். காரைத் தாண்டி, கேட்டைத் தாண்டிப் போனார்.

"எங்க போற? ஏய், அதை எங்க எடுத்துட்டுப் போற?"

அண்ணன் குப்பைத்தொட்டியின் மூடியை முழங்கையால் தூக்கினார். உள்ளேயிருந்து மீன் நாற்றம் குப்பென்று அடித்தது. ஒன்றைப் போட்டார். தொட்டியின் அடியில் திம்மென்று இடித்தது. இன்னொன்றையும் போட்டார். மூடியை மூடிவிட்டு, சட்டையின் ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, பிரம்பு நாற்காலியைப் பார்த்துத் திரும்பினார்.

"ஆறு வருஷம் லேட்டாயிடுச்சுங்கய்யா, மன்னிச்சுக்கணும். நீங்க சொன்னபடி தூக்கிப் போட்டுட்டேன்."

சின்னவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். மூடியைத் தூக்கி எறிந்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினார். முட்டை ஓடும் காய்கறித் தோலும் ஈரக் காகிதமும் தெருவில் விழுந்தன. ஸ்பீக்கர் ஒன்று கையில் சிக்கியது. அதன் காகிதம் கிழிந்து, மீன் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தர் துணியை விட்டுவிட்டுப் பார்த்தார்.

அண்ணன் முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க புள்ள குப்பையில இருந்து எடுக்கறாரு. எடுத்துக்கோன்னு நீங்க சொல்லலையே?"

முதலாளி பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நாங்கள் நடந்தோம்.

தெருமுனை திரும்பும் வரைக்கும் அண்ணி முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் எடுத்தாள். சேலை நுனி நனைந்து கசங்கிப் போயிருந்தது.

"நான் வாயே திறக்கலை. பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்" என்றார் அண்ணன். நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "திங்கக்கிழமை போச்சு. வேன் போச்சு. நல்லா இருந்த ரெண்டு ஸ்பீக்கரும் போச்சு."

"போகட்டும்."

"நேத்து வரைக்கும் கொடுத்துடலாம்னு நான்தான் சொன்னேன்."

"நேத்து வேற. அந்த வேன் அம்மாவுக்குப் போன் போடுங்க."

"போட்டு என்ன சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க. உங்களுக்கு வாய்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" இதையேதான் வெள்ளிக்கிழமையும் சொன்னாள். ஆனால் அன்றைக்குச் சொன்ன மாதிரி இல்லை.

அண்ணன் போனை எடுத்தார். மீன் நாற்றம் அடிக்கிற விரலால் எண்ணைத் தேடி அழுத்தினார். மணி போனது. அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"அம்மா, நான் டிரைவர் பேசறேன். கடுதாசி கொடுத்தாங்க, நான் வாங்கலைங்கம்மா. ஏன்னு சொல்றேன், அஞ்சு நிமிஷம் கேப்பீங்களா?" கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஐயா என்னை ஒண்ணு தூக்கிப் போடச் சொன்னாரும்மா..."

பஸ் வந்து நின்றது. நாங்கள் ஏறவில்லை.